டிக்கி மூடியைத் தாங்கும் வில்



மோட்டார் வண்டியின் பின்புறத்திலே பொதிகளை ஏற்றுவதற்கென அமைந்துள்ள அறையை டிக்கி என்று அழைப்பது வழக்கம். பூட்டைத் திறந்ததும் அதன் மூடி சிறு தொடுகையிலேயே மேலெழுந்து நிற்கின்றது. சிறுபிள்ளையும் ஒரு கையால் அதனை உயர்த்திவிடலாம். இத்துணை இலேசாக இயங்கும் பொருளிலே ஆபத்து இருக்குமென்று எவரும் எண்ணுவதில்லை. ஆனால், அதனை இலேசாக இயங்கச் செய்யும் உறுப்பே, அறியாமல் கை வைப்போருக்கு ஆபத்தை விளைவிப்பதும் ஆகும்.

ஒரு சிறு கணக்கினால் இது தெளிவாகும். மூடியின் நிறை 12 கிலோகிராம் என்றும், அது கிடையாக இருக்கையில் அதன் பாரம் பிணைச்சலிலிருந்து அரை மீற்றர் தூரத்திலே தாக்குகின்றது என்றும் கொள்வோம். அதனைத் தாங்கும் வில் பிணைச்சலை அண்டி, 10 சதமமீற்றர் தூரத்திலே இருக்குமாயின், நெம்புகோலின் விதிப்படி அது ஐந்து மடங்கு விசையைச் செலுத்துதல் வேண்டும். அஃதாவது, 60 கிலோகிராம் பாரத்துக்கு ஈடான விசை. வளர்ந்த மனிதர் ஒருவரின் நிறை. கைக்குப் புலப்படாத அந்தப் பாரம் வில்லிலே அடங்கிக் கிடக்கின்றது.

வில்லின் இயல்பை விதியாக வகுத்தவர் றொபேட் ஹூக் என்னும் ஆங்கில விஞ்ஞானி. 1676ஆம் ஆண்டிலே அவர் தமது கண்டுபிடிப்பைப் பதினான்கு இலத்தீன் எழுத்துக்களைக் கொண்ட ஒரு புதிராக வெளியிட்டு, 1678ஆம் ஆண்டிலே அதன் பொருளை விளக்கினார். வில்லை இழுக்க இழுக்க அதன் எதிர்விசையும் அதே அளவிலே பெருகும் என்பது அதன் சாரம். முறுக்கப்படும் உருக்குக் கம்பிக்கும் இவ்வியல்பு உண்டு.

டிக்கி மூடிகளைத் தாங்கும் அமைப்புகள் பெரும்பாலும் மூவகைப்படும். முதலாவது, இழுபடும் சுருள்வில். இரண்டாவது, முறுக்குக் கம்பி. பின் ஆசனத்துக்குப் பின்னே குறுக்காகச் செல்லும் இரண்டு உருக்குக் கம்பிகளின் ஒரு முனை ஒரு பக்கத்துப் பொளியிலே மாட்டப்பட்டிருக்கும். மறு முனை எதிர்ப்பக்கத்துப் பிணைச்சலை உந்தும். மூன்றாவது, வாயுத்தண்டு. சைக்கிள் பம்பைப் போன்ற உருளையினுள் நைதரசன் வாயு அடைக்கப்பட்டிருக்கும்.

இம்மூன்றுக்கும் பொதுவான உண்மையொன்று உண்டு. மூடி அடைபட்டிருக்கும்போது சுருள்வில் மிக நீண்டும், கம்பி மிக முறுகியும், வாயு மிக அமுங்கியும் இருக்கும். மூடி முற்றாகத் திறந்திருக்கும்போது விசை மிகக் குறைந்திருக்கும். ஆகவே, திருத்த வேலையை மூடி முற்றாகத் திறந்துள்ள நிலையிலேயே செய்தல் வேண்டும். குறைந்திருக்கும் என்று சொல்லப்பட்டதேயன்றி, இல்லாதொழியும் என்று சொல்லப்படவில்லை என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும்.

மூடி நில்லாமல் சரிந்தால், உடனே வில்லைக் குறை கூறலாகாது. பிணைச்சலிலே துருவேறியிருக்கலாம்; முறுக்குக் கம்பியின் முனை பொளியை விட்டு நழுவியிருக்கலாம்; மூடியின் மேல் புதிதாக ஏதேனும் பாரம் பூட்டப்பட்டிருக்கலாம். வாயுத்தண்டின் கம்பியிலே எண்ணெய்க் கசிவு தென்படின், அடைப்பு பழுதுற்றதென்று அறியலாம். குளிர்ந்த காலையில் மாத்திரம் மூடி சோர்ந்து நிற்குமாயின், அது வாயுவின் இயல்பாகவும் இருக்கலாம். வெப்பநிலை 20 பாகை செல்சியசு குறைந்தால் அதன் அமுக்கம் ஏறத்தாழ 7 வீதம் குறையும்.

வாயுத்தண்டை மாற்றுவது வீட்டிலும் செய்யக்கூடிய வேலையே. முதலிலே உறுதியான மரத்தடியொன்றினால் மூடிக்கு முட்டுக் கொடுத்தல் வேண்டும். இன்னொருவர் அதனைப் பிடித்துக்கொண்டு நிற்பது மேலும் நன்று. பின்னர், தண்டின் இரு முனைகளிலும் உள்ள சிறு கௌவியைத் திருப்புளியால் நெகிழ்த்தித் தண்டைக் கழற்றலாம். இரண்டு தண்டுகளையும் ஒருசேர மாற்றுவதே முறை. ஒன்று புதியதும் மற்றது பழையதுமாயின் மூடி கோணும். மூடி அடைபடும்போது கம்பி கீழ்நோக்கி இருக்குமாறு பூட்டினால், உள்ளேயுள்ள எண்ணெய் அடைப்பை உலராமற் காக்கும்.

கழற்றிய தண்டை வெட்டவோ, துளையிடவோ, நெருப்பிலே போடவோ கூடாது. 8 மில்லிமீற்றர் விட்டமுள்ள கம்பியை 400 நியூற்றன் விசையோடு வெளியே தள்ளும் தண்டினுள் ஏறத்தாழ 80 வளிமண்டல அமுக்கம் இருக்கும். வண்டியின் ரயரிலுள்ள அமுக்கத்தைப் போல் அது முப்பது மடங்கிற்கும் மேற்பட்டது. சோர்ந்துபோன தண்டிலும் அமுக்கம் எஞ்சியிருக்கும்.

முறுக்குக் கம்பியின் காரியம் வேறு. அதன் முனையை ஒரு பொளியிலிருந்து அடுத்த பொளிக்கு மாற்றினால் மூடியின் தாங்குவிசை கூடும் அல்லது குறையும். அவ்வாறு மாற்றும்போது முனை கையை விட்டு நழுவினால், அது கண்ணிமைக்கும் பொழுதில் சுழன்று அடிக்கும். விரலெலும்பு முறியலாம், கண்ணும் போகலாம். சாதாரண குறடு இதற்குப் போதாது. கம்பியின் முனையை இறுகப் பற்றும் நீண்ட கருவியும், தடித்த கையுறையும், கண்காப்புக் கண்ணாடியும் வேண்டும். முகம் கம்பி சுழலும் வழியிலே இருத்தல் ஆகாது. முன்பு எந்தப் பொளியிலே இருந்தது என்பதைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டு, ஒரு தடவைக்கு ஒரு கம்பியை மாத்திரமே கையாளுதல் வேண்டும். இக்கருவி இல்லாதவர் இவ்வேலையைக் கராச்சிலுள்ள அனுபவசாலியிடம் ஒப்படைப்பதே தக்கது. அதற்குச் செலவாகும் பணம் ஒரு கண்ணின் விலையாகாது.

வேலை நடக்கும்போது பிள்ளைகளை அவ்விடத்திலே நிற்க விடலாகாது. வேலை முடிந்ததும், முட்டை எடுக்குமுன் மூடியைக் கையாலே தாங்கி, அது தானாக நிற்கின்றதா என்று சோதித்தல் வேண்டும்.

ஆழமறியாமற் காலை விடாதே என்பது பழமொழி. எந்த வில்லையும் தொடுமுன், இதிலே எவ்வளவு பாரம் அடங்கியிருக்கின்றது, எந்த நிலையிலே அது குறைந்திருக்கும் என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டு விடை கண்டவர், திருத்த வேண்டியதைத் திருத்திவிட்டுப் பழுதில்லாத கைகளோடு வீட்டினுள்ளே செல்வார்.