டர்னிப்போடு வந்த பக்கத்து வீட்டம்மா

இன்னைக்கு டப்ளின்ல நான் நடத்தின ஒரு பார்ட்டியைப் பத்திப் பேசப்போறேன். பாதி சொதப்பின பார்ட்டி.

அயர்லாந்து வந்து எட்டு மாசம் ஆகியிருந்துச்சு. ஒரே வீடு, நாலு ரூம், நாலு பேர். கிச்சன்ல பார்த்தா ஒரு "ஹாய்", அவ்வளவுதான். ஒருத்தரோட முழுப் பேர்கூட எனக்குத் தெரியாது. அக்டோபர் கடைசியில சூப்பர்மார்க்கெட் வாசல்ல அரசாணிக்காயைக் குவிச்சு வெச்சிருந்தாங்க. (சென்னை மக்களே, உங்க பரங்கிக்காய்தான்.) ஆறு வாங்கிட்டேன். "ஹாலோவீனுக்கு முகம் வெட்டலாம், வாங்க"ன்னு எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டினேன். பக்கத்து வீட்டு லெட்டர் பாக்ஸ்லயும் ஒண்ணு போட்டேன்.

வீடியோ கால்ல பார்த்த அம்மா, "ஆறு காயும் பொரியலுக்கா கண்ணு?"ன்னாங்க. விளக்கினேன். "நம்மூர்லயும்தான் பூசணிக்காய்ல மூஞ்சி வரைஞ்சு வாசல்ல கட்டறோம்"னாங்க. அது வெள்ளைப் பூசணி, திருஷ்டிக்கு. ஆனா முறைக்கிற கண்ணும் பல்லும் ஒண்ணுதானே, நான் வாயை மூடிக்கிட்டேன்.

ஏழு மணிக்கு யாரும் வரல. ஏழரைக்கும் வரல. தனியா உட்கார்ந்து விதையைத் தோண்டிட்டு இருந்தேன். மூடியை நேரா வெட்டித் தொலைச்சதால அது உள்ளயே விழுந்துடுச்சு. சாய்வா வெட்டணும், ஞாபகம் வெச்சுக்கோங்க.

அப்பதான் பெல். பக்கத்து வீட்டம்மா. எழுபது வயசுக்கு மேல இருக்கும், தனியா இருக்காங்க. கையில ஒரு டர்னிப். பூசணி அமெரிக்காக்காரங்க பழக்கம், டோனகல்ல நாங்க இதைத்தான் வெட்டுவோம்னாங்க.

உண்மைதான். 1845-ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் லட்சக்கணக்கான ஐரிஷ் மக்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். அப்படிப் போனவர்களோடுதான் இந்தப் பழக்கமும் போனது. அங்கே கிடைத்த பூசணி பெரிசு, தோண்டவும் சுலபம். டோனகலில் செய்த ஒரு பழைய டர்னிப் விளக்கின் வார்ப்பு மேயோ மாவட்ட அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பார்த்தால் நிஜமாகவே பயமா இருக்கும்.

டர்னிப் உள்ள கல்லு மாதிரி. என் ஸ்பூன் வளைஞ்சுடுச்சு. எப்படி வெட்டறதுன்னு அவங்களைக் கேட்டேன். அவங்களுக்கும் தெரியாதாம். அப்பாதான் தோண்டுவாராம், இவங்க பக்கத்துல உட்கார்ந்து பார்த்ததோட சரி. ஒரு மணி நேரம் மாத்தி மாத்திச் சுரண்டினோம். மெழுகுவத்தி ஏத்தினதும் மூடி கருகி ஒரு வாடை வந்துச்சு. அவங்க கொஞ்ச நேரம் எதுவும் பேசல. அப்புறம், "இதே வாடைதான்"னாங்க.

அந்த வாடைக்குத்தான் மாடியில இருந்து ரெண்டு பேர் இறங்கி வந்தாங்க, ஏதோ தீப்பிடிச்சிருச்சோன்னு. உப்பு, மிளகாய்த்தூள் போட்டு வறுத்த விதையைச் சாப்பிட்டுட்டே மிச்சக் காய்களை வெட்ட ஆரம்பிச்சோம்.

கிளம்பும்போது டர்னிப்பை அவங்க கையில குடுத்தேன். வாங்கல. "இங்கயே இருக்கட்டும், இந்த வாசல்ல பார்க்க ஆள் இருக்கு"ன்னாங்க.

வெட்டாம மிஞ்சின ஒரு காயை மறுநாள் பொரியல் பண்ணேன். சப்புன்னு, ஒரே தண்ணி. ஒரு டப்பால போட்டு அவங்க வீட்டுக்கும் எடுத்துட்டுப் போனேன். நல்லாயிருக்குன்னு பொய் சொன்னாங்க.