சர்க்கார் சந்தையும் தரகர் கூட்டமும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கடவுளைப் பற்றியதல்ல, புராணத்தைப் பற்றியதுமல்ல. சர்க்கார் நாற்காலி வாங்குவதைப் பற்றியதாகும். "இதற்கும் சுயமரியாதைக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று சிலர் கேட்கக் கூடும். சர்க்கார் வாங்கும் நாற்காலியும், காகிதமும், துடைப்பமும், ஆஸ்பத்திரிக் கட்டிலும் நம்முடைய வரிப் பணத்தில் வாங்கப்படுகிறவை. அந்தப் பணம் கடைசியில் யார் வீட்டுக்குப் போய்ச் சேருகிறது என்று கேட்பது சுயமரியாதைக்காரன் வேலையல்லாமல் வேறு யார் வேலை?

முன்பு இந்த வியாபாரம் எப்படி நடந்தது? டெண்டர் நோட்டீசு ஏதோ ஒரு பத்திரிகையின் மூலையில் வரும். டெண்டர் பெட்டி ஆபீசின் உள்ளறையில் இருக்கும். அரக்கு வைத்த உறைக்குள் என்ன எழுதியிருக்கிறதென்பது வெளியில் நிற்கிறவனுக்கு எவ்வளவு தெரியும்? கர்ப்பக்கிருகத்துக்குள் நடப்பது வாசலில் நிற்கும் பக்தனுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான். தச்சன் செய்த நாற்காலி ஒரு தரகன் கைக்குப் போகும். அவனிடமிருந்து காண்டிராக்டர் கைக்குப் போகும். கைக்குக் கை விலை ஏறும். தச்சனுக்கோ தன் நாற்காலி எந்த ஆபீசில் கிடக்கிறதென்பது கூடத் தெரியாது. சாமிக்கும் மனிதனுக்கும் நடுவில் புரோகிதன் நிற்பதுபோல, சர்க்காருக்கும் தொழிலாளிக்கும் நடுவில் இவன் நின்றான்.

இப்பொழுது இன்டர்நெட்டில் ஒரு சந்தை வந்திருக்கிறது. 2016 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் ஆரம்பித்தார்கள். ஜெம் என்று பெயர். 1922-ல் இந்தியன் ஸ்டோர்ஸ் டிபார்ட்மெண்ட் என்று வெள்ளைக்காரன் காலத்தில் ஏற்பட்டு, பிறகு சப்ளை இலாகாவாக வளர்ந்திருந்த பழைய கொள்முதல் ஆபீசை 2017 அக்டோபரில் மூடிவிட்டார்கள். அந்த வருஷத்து நிதி விதிகளில் 149-ஆவது விதிப்படி, மத்திய இலாகாக்கள் தங்களுக்கு வேண்டிய சாமான் அந்தச் சந்தையில் இருந்தால் அங்கேதான் வாங்கியாக வேண்டும். சிறு தொகையானால் நேராக வாங்கலாம். கொஞ்சம் பெரிதானால் பல உற்பத்தியாளர்களின் விலையை ஒத்துப் பார்த்துக் குறைந்ததை எடுக்க வேண்டும். அதற்கும் மேலானால் போட்டி கேட்க வேண்டும். நம் ராஜ்யத்துக்கு 1998-ஆம் வருஷத்து டெண்டர் வெளிப்படைச் சட்டம் தனியாக இருக்கிறது. அதை இங்கு விரிக்கவில்லை.

இது நன்மையா என்றால், நன்மைதான். விலை எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. மதுரையிலிருக்கும் ஒரு சிறு பட்டறைக்காரன் டில்லி ஆபீசின் வாசற்படியை மிதிக்காமலே தன் சரக்கை வைக்க முடிகிறது. நாம் இயந்திரத்துக்கு விரோதிகளல்ல. (ஆயுத பூஜையன்று சர்க்கார் ஆபீசில் கம்ப்யூட்டருக்கு விபூதி பூசுகிறவர்களைத்தான் நமக்கு ஆகாது.)

ஆனால் தோழர்களே, இயந்திரத்துக்கு ஜாதி தெரியாது என்பது பாதி உண்மை. இயந்திரத்தில் நிபந்தனையை எழுதுகிறவன் மனிதன். "வருஷத்துக்கு இத்தனை லட்சம் வியாபாரம் செய்திருக்க வேண்டும், மூன்று வருஷ அனுபவம் இருக்க வேண்டும்" என்று அவன் எழுதுகிறான். தலைமுறை தலைமுறையாய்க் கடை வைத்திருந்தவனுக்கு அனுபவம் இருக்கும். நேற்றுவரை கடை வைக்கவே விடப்படாதவனுக்கு அது எங்கிருந்து வரும்? உத்தியோகத்தில் பங்கு கேட்டபோது "தகுதி, திறமை" என்று சொன்னார்களே, அந்தப் பழைய பாட்டையே இங்கு "அனுபவம்" என்று ராகம் மாற்றிப் பாடுகிறார்கள். சிறு தொழிற்காரருக்கு இந்த நிபந்தனையிலிருந்து விலக்கு உண்டா, இல்லையா என்று வாங்குகிற அதிகாரி குறிக்க ஒரு இடம் அந்தச் சந்தையிலேயே இருக்கிறது. அவர் "இல்லை" என்று ஒரு தட்டு தட்டினால் ஆயிரம் பேருக்குக் கதவு மூடிவிடும்.

1921-ல் ஜஸ்டிஸ் கட்சி சர்க்கார் வகுப்புவாரி உத்தரவு போட்டார்கள். அது உத்தியோகத்துக்கு. கொள்முதலில் பங்கு என்ற பேச்சு 2012-ல்தான் மத்திய உத்தரவாக வந்தது. 2018-ல் அதைத் திருத்தி, கொள்முதலில் 25 சதவிகிதம் சிறு, குறுந்தொழில்களிடமும், அதற்குள் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களின் தொழில்களிடம் 4-ம், பெண்களின் தொழில்களிடம் 3-ம் வாங்க வேண்டுமென்றார்கள். காகிதத்தில் எழுதிய அந்த 4-ஐ எட்டாமலே மத்தியக் கொள்முதல் வருஷக் கணக்குகள் முடிந்து வந்திருக்கின்றன. சந்தை வந்துவிட்டது; பங்கு வரவில்லை.

இன்னொரு சங்கதி நெஞ்சைச் சுடுவது. இந்தச் சந்தையில் சாமான் மட்டுமா விற்கிறது? ஆளும் விற்கிறது. துப்புரவுத் தொழிலாளிகளையும், காவலாளிகளையும் "சேவை" என்று பெயர் வைத்து ஏலத்தில் எடுக்கிறார்கள். குறைந்தபட்சக் கூலியைக் குறைக்கக் கூடாதாகையால், காண்டிராக்டர்கள் தங்கள் சேவைக் கட்டணத்தில் போட்டியிட்டார்கள். "எனக்கு ஒன்றும் வேண்டாம், சுன்னத்துக்கே செய்கிறேன்" என்ற அளவுக்குக் கேட்டார்கள். நாம் கேட்கிறோம்: இலாபமே வேண்டாம் என்று வருகிறவன் என்ன, சந்நியாசியா? அவன் குடும்பம் எதைத் தின்னும்? தெருக்கூட்டுகிற அம்மாளின் கூலியில் ஒரு பகுதியைத் திரும்ப வாங்கித் தின்னும். பிராவிடெண்டு பண்டு கட்டாமல் தின்னும். பிற்பாடு சர்க்காரே குறைந்தபட்சக் கட்டணம் ஒன்று நிர்ணயிக்க வேண்டியதாயிற்று. தரகன் ஒழிந்தான் என்று நினைத்தோம். அவன் உறையை விட்டுத் திரைக்குள் குடியேறிவிட்டான்.

உக்ரேன் தேசத்தில் 2014-ஆம் வருஷக் கிளர்ச்சிக்குப் பிறகு பொதுஜனத் தொண்டர்களே முன்னின்று புரோசோரோ என்ற ஏற்பாட்டை அமைத்தார்கள். 2016 ஆகஸ்டு முதல் அது கட்டாயமாயிற்று. அங்கே விசேஷம் என்னவென்றால், ஏலம் முடிந்ததும் கேட்டவன் பெயர், கேட்ட விலை, கொடுத்த காகிதம் யாவும் எவரும் பார்க்கும்படி திறந்து வைக்கப்படும். தப்பு கண்டவன் எழுதிவைக்க டோசோரோ என்று தனி இடமும் உண்டு. யுத்தம் வந்து 2022-ல் சில விதிகளைத் தளர்த்தினார்கள் என்பதும் உண்மையே.

நமக்கு 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. உங்கள் ஊரிலுள்ள மத்திய சர்க்கார் ஆபீசுக்குப் பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள்: போன வருஷம் எத்தனை கொள்முதலில் சிறு தொழிற்காரருக்கு விலக்கு "இல்லை" என்று குறித்தீர்கள்? 4 சதவிகிதத்தில் எவ்வளவு வாங்கினீர்கள்? துப்புரவு ஏலத்தை எந்தக் கட்டணத்துக்கு விட்டீர்கள், அந்தத் தொழிலாளிகளுக்குப் போன மாதம் பாங்கியில் எவ்வளவு விழுந்தது? மனு எழுதத் தெரியாத தோழர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வாருங்கள், எழுதிக் கொடுக்கிறோம்.