ஓடினால் படிப்பு கெட்டுவிடுமா?



பள்ளி விளையாட்டுப் போட்டி நெருங்கினால் பல வீடுகளில் ஒரே பேச்சுதான். "ஓடியது போதும், டியூஷனுக்கு நேரமாச்சு!" பெற்றோரின் கவலையில் நியாயம் இருக்கிறது. படிப்புதான் கரைசேர்க்கும் என்று நம்பித் தோட்டப்புறத்திலிருந்து மேலே வந்த சமுதாயம் இது. ஆனால், ஓட்டமும் படிப்பும் உண்மையிலேயே ஒன்றுக்கொன்று பகையா?

1966 டிசம்பரில் பேங்காக்கில் ஐந்தாவது ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. மலேசியா உருவாகி அப்போது மூன்றே ஆண்டுகள். 100 மீட்டர், 200 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார் மணி ஜெகதீசன். 4x100 மீட்டர் அஞ்சல் ஓட்டத்தில் குழுவினரோடு சேர்ந்து மூன்றாவது தங்கத்தையும் பெற்றார். பெண்கள் 400 மீட்டரில் எம். ராஜமணிக்குத் தங்கம். அவ்வாண்டு நாட்டின் சிறந்த விளையாட்டு வீரர், வீராங்கனை விருதுகளும் இந்த இருவருக்கே கிடைத்தன.

இந்த ஜெகதீசன் மருத்துவம் படித்தவர். ரோம், தோக்கியோ, மெக்சிகோ என மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் ஓடியவர். 1968-இல் மெக்சிகோவில் 200 மீட்டரை 20.92 விநாடிகளில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனையை முறியடிக்க 2017 வரை, அதாவது 49 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. ஓடியதால் அவர் டாக்டராக முடியாமல் போய்விடவில்லை!

1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் ஜி. சரவணன் 50 கிலோமீட்டர் நடைப் போட்டியில் தங்கம் வென்றார். நான்கு மணி நேரத்துக்கும் மேலான நடை அது. அந்தப் பொறுமையும் கட்டொழுங்கும் தேர்வு மண்டபத்தில் உதவாதா என்ன?

2024 பாரிஸ் ஒலிம்பிக் வரை மலேசிய அணி வென்ற பதக்கங்கள் 15. பூப்பந்து, முக்குளிப்பு, சைக்கிளோட்டம் ஆகிய மூன்றிலிருந்து வந்தவை அவை. தங்கம் இன்னும் இல்லை. திடல்தடத்தில் ஒரு பதக்கம்கூட இல்லை.

தேசிய அணி புக்கிட் ஜாலில் அரங்கத்தில் பிறப்பதில்லை. பள்ளித் திடலில்தான் பிறக்கிறது. பத்து வயதில் திடலிலிருந்து இழுத்துச் செல்லப்படும் பிள்ளையின் கால்களில் என்ன வேகம் இருந்தது என்பது கடைசி வரை யாருக்கும் தெரியாமலே போய்விடும். எல்லாப் பிள்ளைகளும் ஜெகதீசன் ஆகிவிட முடியாது. அதற்காக யாரும் டியூஷனை நிறுத்தவும் வேண்டாம். வாரத்தில் இரண்டு மாலைப் பொழுதுகளைத் திடலுக்கு விட்டுக் கொடுங்கள். முடிந்தால் ஒரு நாளாவது அந்த ஓரத்தில் நின்று பிள்ளை ஓடுவதைப் பாருங்கள்.