இலை உதிர்ந்த பிறகு புறப்படுங்கள்

கைபேசித் திரையில் ஒரு வரைபடம், அதில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி காட்டும் இடத்துக்குப் போனால், மரப்பொந்திலோ கல்லிடுக்கிலோ பாலத்தின் அடியிலோ யாரோ ஒருவர் ஒரு பெட்டியை ஒளித்து வைத்திருப்பார். அதைத் தேடி எடுத்து, உள்ளே இருக்கும் நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, இருந்தபடியே திரும்ப ஒளித்து வைக்க வேண்டும். பரிசும் கிடையாது, பணமும் கிடையாது. இந்த விளையாட்டுக்குப் பெயர் ஜியோகேச்சிங். இன்று உலகம் முழுவதும் 30 லட்சத்துக்கும் அதிகமான பெட்டிகள் இப்படி ஒளிந்திருக்கின்றன.

இது பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க ராணுவத்தின் செயற்கைக்கோள்கள் அனுப்பும் ஜிபிஎஸ் சிக்னலைப் பொதுமக்கள் பயன்படுத்தினால், இடம் 100 மீட்டர் வரை தவறும்படி வேண்டுமென்றே குழப்பி வைத்திருந்தார்கள். 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அதிபர் கிளிண்டனின் அரசு அந்தக் குழப்பத்தை நீக்கியது. ஒரே இரவில் துல்லியம் பல மடங்கு கூடிவிட்டது. அதைச் சோதித்துப் பார்க்க, மே 3ஆம் தேதி, ஓரிகான் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியைக் காட்டில் பாதி புதைத்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் அறிவித்தார். வாளிக்குள் புத்தகம், வீடியோ, கவண், ஒரு டின் பீன்ஸ். சில நாட்களுக்குள்ளேயே ஆட்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அல்மர் வாளியைப் புதைத்தார். ஆனால் இன்று மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது என்பது இந்த விளையாட்டின் பொது விதி. புதைக்கக் கூடாது என்றால் பெட்டியை மறைப்பது எது? இலை, சருகு, புதர், வெண்பனி. எல்லாமே பருவத்தைப் பொறுத்தவை. ஒளித்து வைப்பது மனிதர்தான், ஆனால் அந்த ஒளிவிடம் எவ்வளவு நாள் தாங்கும் என்பதைப் பருவம் முடிவு செய்கிறது. அதனால்தான் ஜியோகேச்சிங் ஆடுகிறவர்கள் நாலு பேர் கூடினால் ஒரு வழக்கு வந்துவிடும்: வெயில் காலம் நல்லதா, குளிர்காலம் நல்லதா?

வழக்கை விசாரிக்க நான் எடுத்துக்கொள்ளும் களம் அமெரிக்காவின் வடக்கே இருக்கும் மினசோட்டா மாநிலம். பத்தாயிரம் ஏரிகள் என்று தன் கார்களின் எண் பலகையிலேயே எழுதிவைத்துக்கொள்ளும் மாநிலம் அது. ஜூன் மாதத்தில் மினியாபொலிஸ் நகரத்தில் பகல் பதினைந்தரை மணி நேரம் நீளும். டிசம்பரில் ஒன்பது மணி நேரம்கூட இருக்காது. ஜனவரி இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். இரண்டு பருவங்களும் தங்கள் குணத்தை ஒளிக்காமல் காட்டும் ஊர்.

முதலில் கோடைக்காக வாதாடுகிறேன். வேலை முடிந்து வீடு வந்து, சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினாலும் இரண்டு மூன்று பெட்டிகளைத் தேட வெளிச்சம் இருக்கும். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம். பெட்டிக்குள் சின்னச் சின்னப் பொம்மைகள், நாணயங்கள், சாவிக்கொத்துகள் கிடக்கும். ஒன்றை எடுத்தால் அதே மதிப்புள்ள இன்னொன்றைப் போட வேண்டும். பிள்ளைகளுக்கு அந்தப் பண்டமாற்றுதான் விளையாட்டு. படகில் துடுப்புப் போட்டுக்கொண்டு தீவுக்குப் போய் எடுக்கிற பெட்டிகளும் உண்டு. கையுறை வேண்டாம், கனத்த கோட்டு வேண்டாம், திரையை விரலால் தொட்டால் வேலை செய்யும்.

ஆனால் கோடைக் காட்டுக்குள் உங்களுக்கு முன்பே சில பேர் குடியிருக்கிறார்கள். கொசுவை விட்டுவிடுங்கள், கொசுவுக்கு நாம் பழகியவர்கள். மான் உண்ணி வேறு ரகம். அதன் குஞ்சுப் பருவத்தில் கசகசா அளவுதான் இருக்கும். மே கடைசியிலிருந்து ஜூலை வரை அதற்கு உச்ச காலம். புல் நுனியில் காலை நீட்டிக்கொண்டு காத்திருந்து, உரசிப் போகிறவர் உடம்பில் தொற்றிக்கொள்ளும். லைம் என்ற நோய் அதன் மூலம்தான் பரவுகிறது. பொதுவாக அது ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் கிருமி நம் உடம்புக்குள் போகும் என்பது ஓர் ஆறுதல். ஆகவே வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு, தலைமுடி ஓரம் எல்லாம் தடவிப் பார்ப்பது அங்கே ஒரு சடங்கு. ஒட்டியிருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும். பேன்ட்டின் அடிப்பாகத்தைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு நடப்பவரைப் பார்த்தால் அங்கே யாரும் சிரிப்பதில்லை.

அடுத்தது நச்சுப் படர்கொடி, பாய்சன் ஐவி. ஒரு காம்பில் மூன்று இலை. உரசினால் தோல் சிவந்து, கொப்புளம் கிளம்பி, வாரக்கணக்கில் அரிக்கும். நம் ஊரில் துணிகளில் சலவைக் குறி போடப் பயன்பட்ட சேராங்கொட்டையின் பால் பட்டால் தோல் வெந்து போகும் அல்லவா, இதுவும் அது சேர்ந்த மாமரக் குடும்பம்தான். பெட்டி ஒளிக்கிறவர்களில் குறும்புக்காரர்களுக்கு இந்தக் கொடி மிகவும் பிடிக்கும், யாரும் கை வைக்க மாட்டார்கள் என்று. நல்லவேளையாக, ஒவ்வொரு பெட்டியின் விவரக் குறிப்பிலும் சின்னச் சின்னப் படக் குறிகள் உண்டு. உண்ணிக்கு ஒன்று, நச்சுச் செடிக்கு ஒன்று, முள்ளுக்கு ஒன்று. கிளம்பும் முன் அதைப் பார்த்துவிட வேண்டும்.

கோடையின் மூன்றாவது தொல்லை கண்ணுக்குத் தெரியாதது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வந்து சேரும் சிக்னல் மிகவும் மெலிந்தது. அடர்ந்த இலைக் கூரை, அதிலும் மழையில் நனைந்த இலைக் கூரை, அதை இன்னும் மெலிய வைக்கும். திறந்த வானத்தின் கீழ் நல்ல கைபேசி ஒன்று 5 மீட்டருக்குள் இடத்தைக் காட்டிவிடும். காட்டுக்குள் அந்தப் பிழை 10 மீட்டராகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிழை இரண்டு மடங்குதான், ஆனால் தேட வேண்டிய பரப்பு நான்கு மடங்கு. 78 சதுர மீட்டர் இருந்தது 314 சதுர மீட்டராகிவிடும். அவ்வளவையும் இடுப்பளவுப் புதருக்குள், உண்ணிகளுக்கு நடுவே துழாவ வேண்டும்.

இனிக் குளிர்காலத்தின் பக்கம் வருவோம். இலை எல்லாம் கொட்டிவிட்டது. வானம் திறந்துவிட்டது. கொசு இல்லை, உண்ணி வெண்பனிக்கு அடியில் அடங்கிக் கிடக்கிறது. கோடையில் படகு இருந்தால் மட்டுமே போக முடிந்த தீவுக்கு இப்போது நடந்தே போகலாம், ஏரி உறைந்துவிட்டதே! ஒவ்வொரு பெட்டிக்கும் தேடுவது எவ்வளவு கடினம், அங்கே போய்ச் சேர்வது எவ்வளவு கடினம் என்று 1 முதல் 5 வரை இரண்டு மதிப்பெண் தருவார்கள். படகு இல்லாமல் முடியாத பெட்டிக்குப் பயணக் கடினம் 5. ஜனவரியில் அதே பெட்டி ஒரு சாதாரண நடைதூரத்தில் இருக்கிறது. மினசோட்டாக்காரர்கள் இதற்காகவே சில பெட்டிகளைக் குளிர்காலம் வரை விட்டுவைப்பார்கள்.

ஆனால் உறைந்த ஏரியைக் கண்ணால் பார்த்து நம்பக் கூடாது. ஆள் நடக்கப் புதிதாக உறைந்த தெளிவான பனிக்கட்டி குறைந்தது 10 சென்டிமீட்டர் கனம் வேண்டும் என்பது மினசோட்டா இயற்கை வளத் துறையின் அறிவுரை. வெள்ளையாகத் தெரியும் பனிக்கட்டி என்றால் அதைப் போல இரண்டு மடங்கு. ஓடை வந்து சேரும் இடத்திலும், நீர் வெளியேறும் இடத்திலும், அடியில் ஊற்று இருக்கும் இடத்திலும் கனம் குறைந்திருக்கும். மேலே வெண்பனி மூடியிருந்தால் அது கீழே குளிர் இறங்காமல் தடுத்துவிடும், பனிக்கட்டி மெதுவாகத்தான் தடிக்கும். ஆகவே துளை போட்டு அளந்து பார்க்காமல் கால் வைக்கக் கூடாது.

பெட்டியைக் கண்டுபிடித்த பிறகும் குளிர் விடாது. பழைய ராணுவத் தோட்டாப் பெட்டி என்றால் கவலை இல்லை. இரும்பு உடம்பு, மூடியில் ரப்பர் வளையம், கையுறையோடே நெம்பித் திறந்துவிடலாம். ஆனால் நகரத்துப் பூங்காக்களில் விரல் நுனி அளவே உள்ள காந்தக் குப்பிகள்தான் அதிகம். பூங்கா பெஞ்சின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் மூடியைத் திருகிக் கழற்றி, உள்ளே சுருட்டி வைத்த, ஒரு சென்டிமீட்டர்கூட அகலம் இல்லாத காகிதச் சுருளை எடுத்துப் பிரித்து, பெயர் எழுதி, மறுபடி அதே இறுக்கத்தில் சுருட்டி உள்ளே நுழைக்க வேண்டும். கையுறையோடு இது நடக்காது. கழற்றினால் இரண்டு நிமிடத்தில் விரல் மரத்துவிடும். மரத்த விரலில் சுருள் நழுவும், நழுவியது வெண்பனியில் விழும், வெள்ளைக் காகிதத்தை வெண்பனியில் தேடுவது அடுத்த விளையாட்டு. பந்துமுனைப் பேனாவின் மை குளிரில் இறுகிவிடும், ஆகவே பென்சில்தான் துணை. போன முறை திறந்தவர் ஈரத்தோடு மூடியிருந்தால் நோட்டு முழுவதும் ஒரே கட்டியாக உறைந்திருக்கும்.

கைபேசியும் நம்மைப் போலத்தான் நடுங்கும். பூஜ்யத்துக்குக் கீழே போனால் பேட்டரி மளமளவென்று இறங்கி, காட்டின் நடுவில் அணைந்துவிடும். கோட்டின் உள்பையில், உடம்புச் சூட்டில் வைத்துக்கொண்டு, வேண்டும்போது மட்டும் எடுக்க வேண்டும். காற்றின் கணக்கு தனி. பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் மணிக்கு 24 கிலோமீட்டர் காற்று வீசினால், மூடாத தோல் அரை மணி நேரத்தில் உறைந்துவிடக்கூடும் என்று அமெரிக்க வானிலைத் துறை எச்சரிக்கிறது.

இன்னொரு குறையைச் சொல்லாவிட்டால் வழக்கு நியாயமாகாது. வெண்பனி பெட்டியை மூடிவிடும், அது ஒரு கஷ்டம். மூடாவிட்டால் அதைவிடக் கஷ்டம். உங்களுக்கு முன் ஒருவர் வந்து போயிருந்தால் அவருடைய காலடித் தடம் நேராகப் பெட்டிக்கே கொண்டுபோய் விடும். அப்புறம் தேடுவதற்கு என்ன இருக்கிறது? போகிற வருகிறவர்களும் அதே தடத்தைப் பிடித்துப் பெட்டியைத் தூக்கிப் போய்விடலாம். அதனால் பழகியவர்கள் பெட்டியைச் சுற்றி நாலு பக்கமும் வேண்டுமென்றே நடந்து, தடத்தைக் குழப்பிவிட்டுத்தான் திரும்புவார்கள்.

ஊர் மாறினால் தீர்ப்பும் மாறும் என்பதையும் சொல்ல வேண்டும். அரிசோனாவின் பீனிக்ஸ் நகரத்தில் 2023ஆம் ஆண்டு கோடையில் தொடர்ந்து 31 நாட்கள் வெயில் 43 டிகிரியைத் தாண்டியது. அங்கே டிசம்பர்தான் பருவம். கற்குவியலுக்குள் பெட்டி இருந்தால் கையை விடும் முன் குச்சியை விட்டுப் பார்க்க வேண்டும், உள்ளே இருக்கக்கூடியது சாரைப் பாம்பு இல்லை, கிலுகிலுப்பை விரியன். ஜெர்மனியில் அக்டோபர் முதல் மார்ச் வரை வௌவால்கள் குளிர் உறக்கத்துக்கு ஒதுங்கும் குகைகளுக்கும் பழைய சுரங்கங்களுக்கும் போகச் சட்டப்படி தடை. அங்கே இருக்கும் பெட்டிகளுக்கு அந்த ஆறு மாதமும் விடுமுறை.

மினசோட்டாவுக்கு என் தீர்ப்பு என்ன? கோடைக்கும் இல்லை, நடுக் குளிருக்கும் இல்லை. இலை உதிர்ந்து, வெண்பனி இன்னும் தரையில் தங்காமல் இருக்கும் அந்தச் சில வாரங்களுக்கே என் ஓட்டு. அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடுவரை. சிக்னலை மறைக்க இலை இல்லை, பெட்டியை மூட வெண்பனி இல்லை, காட்டிக்கொடுக்கத் தடம் இல்லை. புதர் வற்றிப்போய்க் காட்டின் எலும்பு தெரியும். மரத்தடியில் யாரோ அடுக்கி வைத்த குச்சிகள் இயற்கையாக விழுந்தவை அல்ல என்று பத்தடி தூரத்திலேயே பிடிபடும். பேனா எழுதும், விரல் மடங்கும். அப்போதும் உண்ணி முழுதாகப் போயிருக்காது. ஆனால் அந்தப் பருவத்தில் திரிவது வளர்ந்த உண்ணி, கண்ணுக்குத் தெரியும். நச்சுக் கொடியின் வெறும் தண்டிலும் நஞ்சு உண்டு, அதனால் மரத்தில் ஏறியிருக்கும் கொடியைப் பிடிக்காதீர்கள். நவம்பரில் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் காலம் தொடங்கிவிடும். பளிச்சென்ற ஆரஞ்சு நிற மேல்சட்டையும் தொப்பியும் இல்லாமல் காட்டுக்குள் போகவே கூடாது.

பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் பெற்றோர் பலர் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். மே மாதம் போய், குளிர் தொடங்கும் முன் திரும்பிவிடுவதுதான் வழக்கம். வடக்கு மாநிலங்களில் பிள்ளைகள் இருந்தால், அடுத்த முறை திரும்பும் டிக்கெட்டை நவம்பர் இரண்டாம் வாரத்துக்குப் போடச் சொல்லுங்கள். பேரப்பிள்ளையின் கைபேசியில் ஜியோகேச்சிங் செயலியை இறக்கி, ஒரு பென்சிலும் இரண்டு ஆரஞ்சுத் தொப்பியும் எடுத்துக்கொண்டு, பக்கத்துப் பூங்காவிலிருந்தே ஆரம்பியுங்கள். பயணக் கடினம் 1 என்று போட்டிருக்கும் பெட்டிகள், சக்கர நாற்காலியில் போனாலும் எட்டக்கூடியவை. முழங்கால் வலியைக் காரணம் சொல்லித் தப்பிக்க முடியாது.