ஒரு மலை, இரண்டு மொழிகள்

(நமது சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தமிழும் மலையாளமும் ஒரே குடும்பத்து மொழிகள் என்பது உங்களுக்குத் தெரியும். அவை தனித்தனியாகப் பிரிந்ததில் மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் பெரும் பங்கு உண்டு. அதற்கு ஒரு சுவையான சாட்சியும் இருக்கிறது.

'கிழக்கு' என்ற சொல்லில் 'கீழ்' இருக்கிறது. 'மேற்கு' என்பதில் 'மேல்' இருக்கிறது. நம் பக்கம் நிலம் மேற்கே மலையாக உயர்ந்து, கிழக்கே கடலை நோக்கித் தாழ்கிறது. பெயர் பொருந்துகிறது. கேரளத்தில் இது தலைகீழ்: கிழக்கே மலை, மேற்கே கடல். ஆனாலும் மலையாளத்தில் அந்தத் திசையின் பெயர் 'கிழக்கு'தான்! 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், இச்சொல் மலைக்கு இந்தப் பக்கம் பிறந்தது என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டினார். மேற்குத் திசைக்கு அங்கே 'படிஞ்ஞாறு' என்கிறார்கள். படு ஞாயிறு, அதாவது சூரியன் மறையும் திசை.

மலை மனிதர்களின் போக்குவரத்தைக் குறைத்தது. போக்குவரத்து குறைந்ததும் பேச்சு மாறியது. நாம் வந்தேன், வந்தான், வந்தாள் என்கிறோம். அவர்களுக்கு எல்லோருக்கும் 'வந்நு' ஒன்றே போதும். வடமொழிச் சொற்களும் அங்கே அதிகம் கலந்தன. அதற்காகப் பழையதெல்லாம் போய்விடவில்லை. நம்மில் பலர் 'தூங்கு' என்று சொல்ல, அவர்கள் அன்றாடம் 'உறங்கு' என்றே சொல்கிறார்கள். மலை முடியும் கன்னியாகுமரிப் பக்கத்துத் தமிழிலும் அதே 'உறங்கு' கேட்கும்.

மலையில் ஓர் இடைவெளியும் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலம். வணிகரும் வண்டியும் ஓயாமல் போய்வந்த வழி. இன்றும் பாலக்காட்டில் இரண்டு மொழியும் சகஜமாகப் புழங்குகின்றன.

இதை ஏன் சொல்கிறேன்? நம்மில் பலருடைய பேரப்பிள்ளைகள் கடல் கடந்து வளர்கிறார்கள். மலை செய்ய நூற்றாண்டுகள் ஆனதை, தூரம் ஒரே தலைமுறையில் செய்துவிடும். வீடியோ அழைப்பு நமக்குக் கிடைத்திருக்கும் கணவாய். "சாப்பிட்டியா, படிச்சியா" என்ற இரண்டு கேள்வியோடு அதை மூடிவிடாதீர்கள். ஒரு கதை சொல்லுங்கள்; அவர்களையும் சொல்லச் சொல்லுங்கள். தப்பும் தவறுமாகப் பேசினால் சிரிக்காதீர்கள். பேச்சு நடந்துகொண்டிருந்தால் போதும், மொழி தானாக வழி கண்டுகொள்ளும்.