குப்பையும் ரோடும்

(அனகாபுத்தூர் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



வாழை மட்டையில் நாரெடுத்துச் சேலை நெய்து காட்டிய ஊரார் நீங்கள். வேண்டாமென்று எறிவதிலிருந்து வேண்டியதைச் செய்யலாம் என்பதை நான் உங்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. நான் பேச வந்தது நீங்கள் நடக்கும் ரோட்டைப் பற்றியாகும்.

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் இரசாயனப் பேராசிரியராயிருந்த ஆர். வாசுதேவன் அவர்கள் பிளாஸ்டிக் குப்பையைக் கொண்டு தார் ரோடு போட ஒரு வழி கண்டார். ஜல்லியைச் சுமார் 170 டிகிரிக்குச் சூடேற்றி, பொடியாய் நறுக்கிய பிளாஸ்டிக்கை அதன்மேல் தூவினால், அது உருகி ஒவ்வொரு கல்லின்மீதும் மெழுகியதுபோல் படிந்துவிடுகிறது. பிறகு தாரைக் கலந்தால் இறுகப் பிடித்துக் கொள்ளுகிறது. ரோட்டில் குழி விழுவானேன்? மழைத் தண்ணீர் கல்லுக்கும் தாருக்கும் நடுவே புகுந்து இரண்டையும் பிரிப்பதால்தானே? அப்படிப் புகும் வழியை இந்தப் பூச்சு அடைக்கிறது. முச்சந்தியில் பூசணிக்காய் உடைத்து எந்தக் குழியாவது அடைபட்டதுண்டா? அந்தத் தோலில் வழுக்கி எலும்பு முறித்துக் கொண்டவர்கள்தான் உண்டு!

சிறு ரோடு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 10 டன் தார் செல்லுமானால், இந்த முறையில் 9 டன் தாரும் 1 டன் குப்பையும் போதும். சென்னை நுங்கம்பாக்கம் ஜம்புலிங்கம் தெருவில் 2002-லேயே இவ்விதம் ரோடு போட்டார்கள். 2015-ல் பெரிய நகரங்களைச் சுற்றிய ரோடுகளில் பிளாஸ்டிக் சேர்க்கும்படி மத்திய சர்க்கார் உத்தரவிட்டது. 2018-ல் பேராசிரியருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆனால் கண்ட பிளாஸ்டிக்கையும் போடலாகாது. பி.வி.சி. சூட்டில் நச்சுப் புகை விடும். ரோடுதான் இருக்கிறதேயென்று பைகளை வாங்கிக் குவிப்பதும் அறிவீனமே. அடையாற்றில் மிதக்கும் பைகள் தாமாக எழுந்து ரோட்டில் ஏறிக் கொள்வதில்லை.

நிற்க, அந்த 1 டன் குப்பை எங்கிருந்து வருகிறது? நாறிய சோற்றுக்குள் வெறுங்கையை விட்டுப் பையைப் பொறுக்குகிறவர் யார்? நாலு தெருவையும் பார்த்துச் சொல்லுங்கள். எந்தச் சாதியில் பிறந்தவர் கைக்கு அந்த வேலை வந்து சேருகிறது? காண்டிராக்டருக்குப் பில் உண்டு, காரில் போகிறவருக்குக் குலுங்காத ரோடு உண்டு. அந்த அம்மாளுக்குக் கையுறையாவது உண்டா? அவர் பொறுக்கிய பையின்மேல் எல்லாச் சாதிக்காரரும் நடக்கலாம். அவர் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிக்க மட்டும் யோசிக்கிறார்களே, இது என்ன நியாயம்?

குப்பையை வீட்டிலேயே பிரித்துக் கொடுக்கும்படி 2016-லேயே விதி வந்தாயிற்று. ரோட்டுக்குப் போகிற பிளாஸ்டிக் அழுக்கில்லாமல், ஈரமில்லாமல் இருக்க வேண்டும். பால் பையை அலசி உலர்த்தித் தனியே வைக்க வீட்டிலிருப்பவருக்கு ஒரு நிமிஷம் ஆகும். அதைச் சோற்றோடு சேர்த்து எறிந்தால், அந்த வேலை முழுதும் அந்த அம்மாளின் வெறுங்கைக்குத்தான் போகிறது.