லடாக்கில் கடைசி இருக்கை யாருக்கு?

(புத்தர் பிறந்தநாள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பயண அனுபவத்தைப் பேசுங்கள் என்று என்னை அழைத்திருக்கிறார்கள். பனிமலை, மடாலயம் என்று பேசிவிட்டு இறங்கிவிடலாம். ஆனால் அங்கே நான் பார்த்த ஒரு வரிசையைப் பற்றிப் பேசாமல் இறங்கினால் அது நேர்மையாகாது.

போன கோடையில் நாக்பூர்த் தோழர் ஒருவருடன் லடாக்கின் லே நகரத்துக்குப் போயிருந்தேன். அவருடைய தாத்தா, 1956 அக்டோபர் 14 அன்று அண்ணல் அம்பேத்கர் பௌத்தம் ஏற்றபோது அந்தக் கூட்டத்தில் நின்று தானும் ஏற்றவர். மூன்று தலைமுறையாகப் பௌத்தர்கள். ஆனால் பௌத்தர்கள் பெரும்பான்மையாக வாழும் ஒரு பகுதியை அவர் அதுவரை பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை.

லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முதல் இரண்டு நாள் மூச்சு வாங்கும், படுத்தே கிடந்தோம். மூன்றாம் நாள் கடைவீதிக்கு வந்தோம். மேலே குன்றின் மீது 17ஆம் நூற்றாண்டின் ஒன்பது அடுக்கு அரண்மனை. கீழே ஒரே கடைவீதியில் பள்ளிவாசலும் பௌத்தக் கோயிலும். ஊருக்கு வெளியே மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய நீண்ட மணிச் சுவர்கள். எதிரே வருகிறவர்கள் எல்லோரும் ‘ஜூலே’ என்று சிரிக்கிறார்கள். வணக்கத்துக்கும் அதே சொல், நன்றிக்கும் அதே சொல். தோழர் சொன்னார்: “கவனித்தீர்களா, இங்கே என் பெயரைக் கேட்டவர்கள் யாருமே அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை.” அந்த அடுத்த கேள்வி என்னவென்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் மனம் லேசாகிவிட்டது.

நான்காம் நாள், நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்காரர் பக்கத்துக் கிராமத்தில் நடந்த வில்வித்தைத் திருவிழாவுக்கு எங்களைக் கூட்டிப்போனார். ஆண்கள் அம்பு எய்கிறார்கள். விடாமல் மேளம் ஒலிக்கிறது. ‘தமன்’ என்கிற இரட்டை முரசு; ‘சுர்னா’ என்கிற, நம் நாகசுரத்துக்கு உறவான குழல். பிறகு விருந்து. விருந்தினர்கள் என்பதால் எங்களை மேல்பக்கம் உட்கார வைத்தார்கள். வெண்ணெய்த் தேநீர் வந்தது. குடித்துக்கொண்டே வரிசையைப் பார்த்தேன். மேலே பிக்குகள். அடுத்து பெரிய குடும்பத்தார், அதற்கடுத்து வயதில் மூத்தவர்கள். எல்லாம் முடிந்து, வாசலருகே, அத்தனை நேரம் வாசித்துக் களைத்த மேளக்காரர்கள். அவர்களுக்கு மட்டும் வேறு கிண்ணம்.

தோழர்களே, இந்தக் காட்சியைப் புரிந்துகொள்ள எனக்கு லடாக்கி மொழி தேவைப்படவில்லை. பறையடிக்கும் கைகளை ஊர் எங்கே உட்கார வைக்கும் என்று பார்த்து வளர்ந்தவன் நான்.

விசாரித்தேன். மேளம் வாசிக்கிறவர்கள் மோன். இரும்படிக்கும் கொல்லர்கள் கரா. பாடிப் பிழைக்கும் நாடோடி இசைக்காரர்கள் பேடா. இம்மூவரும் அங்கே ‘கீழ்ப் பிறப்பு’. மற்றவர்கள் இவர்களோடு பெண் கொடுத்துப் பெண் எடுப்பதில்லை. வீட்டுக்காரர் நல்ல மனிதர். தயக்கமே இல்லாமல் சொன்னார்: “நாங்கள் பௌத்தர்கள். எங்களிடம் சாதி கிடையாது. இது பழைய வழக்கம், அவ்வளவுதான்.” இதே வாக்கியத்தை நம் ஊரில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்!

மேளக்காரப் பெரியவரிடம் தோழர் இந்தியில் பேசினார். மகன் லேயில் டாக்சி ஓட்டுகிறானாம், முரசைத் தொடமாட்டேன் என்கிறானாம். கலை அழிகிறதே என்று ஊரார் வருத்தப்படுகிறார்களாம். பெரியவர் கேட்டார்: “அவ்வளவு வருத்தம் இருந்தால் அவர்கள் பிள்ளைகள் கற்றுக்கொள்ளட்டுமே?” எங்களிடம் பதில் இல்லை.

1989இல் லடாக்கியரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்த்தபோது எட்டுச் சமூகங்களின் பெயர்கள் அதில் இடம்பெற்றன. மோனும் கராவும் பேடாவும் அதில் உண்டு. அவர்களை வாசலருகே உட்கார வைக்கும் பெரும்பான்மைச் சமூகமும் அதே பட்டியலில் உண்டு. அரசின் கண்ணுக்கு எல்லோரும் ஒன்று. விருந்து வரிசையில் ஒன்றல்ல. ஒரே பட்டியலுக்குள் கடைசியில் நிற்பவரின் பங்கு என்னாகும் என்பது நமக்குப் புதிய கேள்வி இல்லை. அதனால்தான் தமிழ்நாட்டில் 2009இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது.

அன்றிரவு தோழர் தூங்கவில்லை. “என் தாத்தா எதற்காக மதம் மாறினார்?” என்று கேட்டார். நான் அவருக்கு உபாலியின் கதையை நினைவூட்டினேன். அனுருத்தர், ஆனந்தர், தேவதத்தர் முதலிய சாக்கிய இளைஞர்கள் சங்கத்தில் சேர வந்தார்கள். கூடவே அவர்களுடைய நாவிதர் உபாலியும் வந்தார். சங்கத்தில் முதலில் சேர்ந்தவரே மூத்தவர். பின்னால் சேர்ந்தவர் அவரை வணங்க வேண்டும். சாக்கியர்களே புத்தரிடம் கேட்டார்கள்: உபாலிக்கு முதலில் துறவு கொடுங்கள், அவரை நாங்கள் வணங்கினால்தான் எங்கள் குலத்திமிர் அடங்கும். புத்தர் அப்படியே செய்தார். நேற்றுவரை முடி மழித்த கைகளுக்கு முன்னால் அரச குலம் குனிந்தது.

புத்தர் செய்தது இதுதான், தோழர்களே. அவர் வரிசையைக் கலைத்தார். அந்த மலையில் புத்தர் சிலை இருக்கிறது, ஏடுகள் இருக்கின்றன, ஆயிரம் ஆண்டு மரபு இருக்கிறது. வரிசையும் கலையாமல் இருக்கிறது. அண்ணல் பழைய பௌத்தத்தை அப்படியே எடுத்துக் கொடுக்காமல், 22 உறுதிமொழிகளோடு, மனிதர் எல்லோரும் சமம் என்ற உறுதியோடு சேர்த்துக் கொடுத்தது ஏன் என்று அன்றிரவுதான் எனக்கு முழுமையாக விளங்கியது.

லடாக்கியரைக் குறை சொல்ல நான் இங்கே நிற்கவில்லை. ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அன்று அந்த மேல் இருக்கையில் உட்கார்ந்து, கொடுத்த தேநீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். எழுந்து போய் வாசலருகே உட்கார எனக்குத் தோன்றவில்லை. தோழருக்குத் தோன்றியது. அவர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பெரியவரின் பக்கத்தில் உட்கார்ந்தார். வரிசை ஒரு நிமிடம் அமைதியானது. பிறகு பெரியவர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

அடுத்த விருந்தில், நம் ஊரிலாவது, எங்கே உட்காரப் போகிறோம் என்று ஒவ்வொருவரும் யோசிப்போம்.

ஜெய்பீம்.